தாய் சி பயிற்சியில் எடைப் பந்து: புதியவர்களுக்கான வழிகாட்டி

கை தனியாக அசையக் கூடாது, இடுப்பு திரும்புவதால்தான் கை நகர வேண்டும் என்று, மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையான தாய் சியின் ஆசிரியர்கள் தொடக்க நாட்களிலேயே சொல்லிவிடுவார்கள். கேட்பதற்கு எளிதான இந்த அறிவுரை, வெறுங்கையோடு பயிலும்போது பல மாதங்களாகியும் பிடிபடாமல் போவதுண்டு. தோளை மட்டும் இயக்கிக் கையை நகர்த்தினாலும் கை நகரத்தான் செய்கிறது. பார்ப்பவருக்கும் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. அதே கைகளுக்கிடையே ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பந்தை வைத்துவிட்டால், தோளால் இயக்குபவருக்குச் சில நிமிடங்களிலேயே தோள் கனக்கத் தொடங்கும். காலாலும் இடுப்பாலும் இயக்குபவர் அதே நேரத்தைச் சிரமமின்றிக் கடந்துவிடுவார். எடைப் பந்தின் முதன்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து: அது தவறைக் காட்டிக்கொடுக்கிறது. தசை வலுப்பெறுவது உடன் கிடைக்கும் பலன். அதை மட்டும் நாடுபவருக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் இதைவிட நேரடியான வழிகள் இருக்கின்றன.

இங்கே பேசப்படும் பந்து, இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து மெதுவாகச் சுழற்றும் ஒற்றைப் பந்து. ஒரே கைக்குள் இரண்டை உருட்டும் சிறிய பாவோடிங் உலோக உருண்டைகளோடும், 1991-இல் சீனாவில் உருவாக்கப்பட்ட, மட்டையில் மென்பந்தை ஏந்தி ஆடும் ரூலிச்சூ விளையாட்டோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சீனத் தற்காப்புக் கலை மரபுகளில் மரத்தாலும் கல்லாலும் ஆன பந்துகள் பயன்பட்டு வந்திருக்கின்றன. ஆயினும் சென், யாங், வூ, ஹாவ், சுன் என்னும் ஐந்து பெரிய தாய் சி மரபுகளைக் கற்பிக்கும் எல்லா இடங்களிலும் பந்துப் பயிற்சி இருப்பதில்லை. உங்கள் ஆசிரியர் இதைக் கற்பிக்கவில்லை என்றால் அதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை.

யார், எப்போது தொடங்கலாம்

நிற்கும் முறை, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் முறை, இடுப்பைத் திருப்பும் முறை ஆகிய மூன்றும் ஓரளவு பழகிய பிறகே பந்தைக் கையில் எடுக்க வேண்டும். 1956-இல் சீனாவில் தொகுக்கப்பட்டு இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் 24 அசைவுகள் கொண்ட வரிசையை, அடுத்து என்ன என்று யோசிக்காமல் செய்ய முடிந்தால், அது போதுமான தகுதி. அதற்கு முன் எடையைச் சேர்த்தால், தவறான பழக்கம் எடையோடு சேர்ந்து உறுதிப்பட்டுவிடும்.

கட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம், எலும்பு மெலிவு, தோள் மூட்டு அல்லது முதுகுத்தண்டு வட்டுச் சிக்கல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் எடையுள்ள பந்தைத் தொட வேண்டாம். எடையற்ற பந்தோடு பயில்வதாக இருந்தாலும், அவர்கள் முதலில் கேட்டுக்கொள்வதே நல்லது.

பந்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பந்து சாதாரணக் கூடைப்பந்தாக இருக்கட்டும். அதன் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ., எடை 600 கிராம் அளவு. மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் கையிலிருந்து எளிதில் வழுக்காது. இதில் அசைவுகள் பழகிய பிறகு ஒரு கிலோ அல்லது ஒன்றரைக் கிலோ மெடிசின் பந்துக்கு, அதாவது உடற்பயிற்சிக்கென எடை கூட்டிச் செய்த பந்துக்குப் போகலாம். இவை ஒரு கிலோவிலிருந்து படிப்படியாகப் பல எடைகளில் கிடைக்கின்றன. வாங்கும்போது எடையைப் போலவே விட்டத்தையும் கவனிக்க வேண்டும். பந்து மிகச் சிறிதாக இருந்தால் முழங்கைகள் உடலோடு ஒட்டி, அக்குள் மூடிக்கொள்ளும். மிகப் பெரிதாக இருந்தால் தோள்கள் முன்னோக்கி இழுபடும். 20 முதல் 26 செ.மீ. விட்டம் பெரும்பாலானோருக்குப் பொருந்தும்.

மரப் பந்து அழகானது, உள்ளங்கைக்கும் இதமானது. ஆனால் அதன் எடையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உருண்டையின் எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. ஒரு லிட்டர் கன அளவுக்கு 700 கிராம் எடையுள்ள மரத்தில் 20 செ.மீ. விட்டமுள்ள பந்து செய்தால் ஏறத்தாழ 3 கிலோ வரும், 24 செ.மீ. ஆக்கினால் 5 கிலோவை எட்டிவிடும். அதே 20 செ.மீ. பந்து கருங்கல்லில் 11 கிலோவுக்குக் குறையாது. ஆகவே மரப் பந்து இரண்டாம் கட்டத்துக்கு உரியது. கல் பந்தைப் பற்றிப் புதியவர்கள் நினைக்கவே வேண்டாம்.

ஒரு கிலோ என்றால் இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு என்பதால், 60 கிலோ எடையுள்ளவரின் இரு கைகளும் சேர்ந்து 6 கிலோ இருக்கும். அந்த எடை கையின் நீளம் முழுவதும் பரவி, தோளிலிருந்து சராசரியாகப் பாதித் தொலைவில் செயல்படுகிறது. பந்தின் எடையோ கையின் கடைக்கோடியில் தொங்குகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், கைகளை நீட்டிய நிலையில் ஒரு கிலோ பந்து தோளின் சுமையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. அதே பந்தைப் பாதித் தூரத்துக்கு உடலருகே கொண்டுவந்தால் அது தோளுக்குத் தரும் சுமையும் பாதியாகிறது. பந்தை எவ்வளவு தூரம் நீட்டுகிறோம் என்பதும் எடையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வழி என்பதை இதிலிருந்து புரிந்துகொண்டால், புதிய பந்து வாங்கும் அவசரம் தணியும்.

நிற்பதும் ஏந்துவதும்

பந்து கைதவறி விழும் என்று எண்ணியே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி, குழந்தை, வளர்ப்பு விலங்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. தரை வழுக்கக் கூடாது. மரப் பந்தாக இருந்தால் மெல்லிய காலணி அணிவது கால்விரல்களுக்கு நல்லது. தரையில் இருக்கும் பந்தை முதுகை வளைத்து எடுக்காமல், முழங்கால்களை மடக்கி இறங்கி, உடலோடு அணைத்து எடுக்க வேண்டும். பயிற்சி முழுவதையும் கவனமாகச் செய்துவிட்டுப் பந்தைக் கீழே வைக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு.

பாதங்களைத் தோள் அகலத்தில் இணையாக வைத்து, முழங்கால்களின் இறுக்கத்தை விட்டு, எடை பாதத்தின் நடுவில் விழும்படி நில்லுங்கள். உச்சந்தலை மேல்நோக்கியும் முதுகெலும்பின் அடி நுனி கீழ்நோக்கியும் இருக்கட்டும். பந்தைத் தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றுக்கு முன்னால் ஏந்துங்கள். உள்ளங்கைகள் பந்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் படிய வேண்டும். நடுக்கோட்டிலோ அதற்கு மேலோ பிடித்தால், பந்து நழுவாதிருக்க இரு புறமும் அழுத்த வேண்டியிருக்கும். அந்த அழுத்தம் முன்கை வழியாகத் தோளுக்கு ஏறிவிடும். விரல்கள் இயல்பாக விரிந்திருக்கட்டும். நக ஓரங்களைப் பாருங்கள்: வெளுத்திருந்தால் நீங்கள் ஏந்தவில்லை, இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். இந்த ஒரு சோதனையைப் பயிற்சியின் எல்லாக் கட்டங்களிலும் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

இப்படியே இரண்டு நிமிடங்கள் அசையாமல் நின்று, எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று கவனியுங்கள். தோள்கள் காதுகளை நோக்கி ஏறியிருந்தால் இறக்குங்கள். கீழ்முதுகு உள்வளைந்திருந்தால், வயிறு பந்தைத் தாங்க முன்தள்ளியிருக்கிறது என்று பொருள். முழங்காலைச் சற்று மடக்கினால் அது சரியாகும்.

நெடுக்கு வட்டம்

புதியவர்கள் நேரத்தில் பாதியை இந்த ஓர் அசைவுக்கே ஒதுக்கலாம். இதில் தேறியவருக்கு மற்றவை தாமாக எளிதாகிவிடும்.

முதலில் பந்தை அடிவயிற்றோடு ஒட்டி, முழங்கைகளை விலாவில் சேர்த்து, கைகளுக்கு வேலையே இல்லாதபடி நிறுத்திக்கொள்ளுங்கள். இனி முழங்கால்களைச் சற்று நிமிர்த்தி, எடையைப் பாதத்தின் முன்பகுதிக்குக் கொண்டுவந்து, முழங்கால்களை மடக்கி இறங்கி, எடையைக் குதிகாலுக்குத் திருப்புங்கள். இதை இடைவிடாமல் செய்யும்போது, கை அசையாமலே பந்து காற்றில் ஒரு சிறு வட்டம் போடுவதைக் காண்பீர்கள். அந்த வட்டம் ஓரிரு அங்குலம்தான் இருக்கும். ஆனால் அது முழுக்க முழுக்கக் காலால் போடப்பட்ட வட்டம். பத்துப் பன்னிரண்டு முறை இதைச் செய்து, அந்த ஓட்டத்தை உடல் அறிந்துகொண்ட பிறகு கைகளைச் சிறிது தளர்த்துங்கள். பந்து உடலருகே மார்பின் கீழ்ப்பகுதி வரை ஏறி, முன்னோக்கிச் சென்று, இறங்கி, மீண்டும் அடிவயிற்றுக்கு வரட்டும். கால் தொடங்கிவைத்ததைக் கை பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. தொடக்கத்தில் வட்டத்தின் விட்டம் ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம். முழங்கைகள் எந்தக் கட்டத்திலும் முழுவதும் நீளக் கூடாது.

வேகத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், ஒரு வட்டத்துக்கு ஒரு முழு மூச்சு என்று கொள்ளலாம். பந்து ஏறும்போது மூச்சு உள்ளே, விலகி இறங்கும்போது வெளியே. மூச்சுக்கும் வட்டத்துக்கும் இசைவு வரவில்லை என்றால், மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். எடை தாங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. அது இரத்த அழுத்தத்தைச் சட்டென உயர்த்தும்.

பந்தின் மேல் உச்சியில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது பயனுள்ள உத்தி. நெடுக்கு வட்டத்தில் பந்து இடம் மாறலாமே தவிரத் தன்னில் உருளக் கூடாது. ஆகவே புள்ளி எப்போதும் மேல்நோக்கியே இருக்க வேண்டும். முன்னே போகும்போது புள்ளி உங்களை விட்டுச் சாய்ந்தால், மணிக்கட்டு மடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம்பிடித்துப் பார்ப்பதும் உதவும். அதில் கவனிக்க வேண்டியது பந்தை அல்ல, முழங்காலை. பந்து நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் முழங்கால் அசைவற்று நின்றிருந்தால், வட்டத்தின் அந்தப் பகுதியைத் தோள்தான் செய்திருக்கிறது.

எதிர்த் திசை வட்டத்தில் பந்து கீழே முன்னோக்கிச் சென்று, உடலிலிருந்து விலகிய நிலையில் மேலேறி, மார்பருகே திரும்பி இறங்கும். எடையை உடலிலிருந்து தள்ளி உயர்த்த வேண்டியிருப்பதால் இது தோளுக்குக் கடினமானது. முதல் திசை நன்றாகப் பழகும்வரை இதைத் தள்ளிப்போடுங்கள். தொடங்கும்போது வட்டத்தையும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

கிடை வட்டம்

தொப்புள் உயரத்தில், விளிம்புவரை நீர் நிறைந்த பாத்திரத்தை ஏந்தியிருப்பதுபோல் பந்தை மட்டம் மாறாமல் வட்டமாகக் கொண்டுபோவது கிடை வட்டம். இடுப்பு இடப்புறம் திரும்ப, பந்து இடப்புறம் போய், முன்னே விலகி, வலப்புறம் வந்து, வயிற்றருகே திரும்பும். பந்து எப்போதும் மார்பெலும்பின் நேர் எதிரே இருக்க வேண்டும். உடலைத் தாண்டிப் பந்து பக்கவாட்டில் ஓடினால் கை முந்திக்கொண்டுவிட்டது.

இங்கே முழங்காலைக் காப்பதுதான் முக்கியம். எடையைச் சுமந்த நிலையில் முழங்கால் முறுகினால், அந்த மூட்டு அதைத் தாங்கும் வகையில் அமைந்ததல்ல. திருப்பம் தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் நிகழ வேண்டும். பந்து இல்லாமல், இரு கைகளின் விரல் நுனிகளை அந்த மடிப்புகளில் வைத்து இடமும் வலமும் திரும்பிப் பாருங்கள். திரும்பும் பக்கத்து மடிப்பு விரலைக் கவ்வுவது தெரியும். முழங்கால் சில்லு இரண்டாம் கால்விரலின் திசையிலேயே நின்று, மடிப்பு மட்டும் கவ்வும் அளவுக்குத் திரும்பினால் போதும். திருப்பம் குறைவாகத்தான் இருக்கும், அதனால் குறை ஒன்றுமில்லை.

கைமாற்றிச் சுழற்றுதல்

இடக்கை கீழே தாங்க, வலக்கை மேலே படிந்திருக்க, பந்து மார்புக்கு முன்னால் இருக்கிறது. இடுப்பு திரும்பும்போது இரு உள்ளங்கைகளும் பந்தின் மேல் வழுக்கியபடியே இடம் மாறி, வலக்கை கீழுக்கும் இடக்கை மேலுக்கும் வர வேண்டும். எந்தக் கணத்திலும் எந்த உள்ளங்கையும் பந்தை விட்டு விலகக் கூடாது. எழுதிப் படிப்பதைவிடக் கூடைப்பந்தை எடுத்து ஒருமுறை முயன்றால் விளங்கிவிடும். ஒரு கட்டத்தில் பந்து முழுவதும் ஒரே கையில் நிற்கும் என்பதால், எடைப் பந்தில் இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது.

அதுவரை மேசை உதவும். துணி விரித்த மேசையில் பந்தை வைத்து, ஒரு உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டுங்கள். பந்து விரல் நுனியிலிருந்து உள்ளங்கை, மணிக்கட்டு வழியாக முன்கையின் நடுப்பகுதி வரை வந்து திரும்பட்டும். உருட்டுவது கையாக இருக்கக் கூடாது. ஒரு காலை முன்வைத்து நின்று, உடல் எடை முன்னும் பின்னும் மாறுவதால் பந்து உருள வேண்டும். எடையை மேசையே தாங்குவதால், தோள் பலவீனமானவர்களும் கனமான பந்தில் இதைப் பயிலலாம். பந்துப் பயிற்சிகளில் குறைத்து மதிப்பிடப்படுவது இதுதான் என்பேன். எதிராளியின் கையோடு ஒட்டிக்கொண்டே அவர் விசையை உணரும் திறனுக்கு இதைவிட நல்ல தனிப்பயிற்சி எனக்குத் தெரியாது.

அடியெடுத்து வைத்து

ஒரு காலை ஓரடி முன்வைத்து, இரு பாதங்களுக்கும் குறுக்கே தோள் அகல இடைவெளி விட்டு நில்லுங்கள். பின்காலில் எடை இருக்கும்போது பந்து வயிற்றருகே இருக்கட்டும். எடை முன்காலுக்கு மாற மாற, பந்து நெடுக்கு வட்டத்தின் மேற்பாதியில் முன்னே போகட்டும். முன்காலில் 70 விழுக்காடு எடை வந்ததும் நிறுத்துங்கள். முன் முழங்கால் கால்விரல்களைத் தாண்டக் கூடாது. பந்து முன்னே ஓடி, அதன் பின் கால் நகர்வதுதான் இங்கே வழக்கமாக நேரும் பிழை. அதைத் திருத்த, ஒவ்வொரு முறையும் பின்பாதம் தரையை அழுத்துவதை உணர்ந்த பிறகே பந்தை அசையவிடுங்கள். சில நாட்களில் அந்த இடைவெளி தானே மறைந்துவிடும்.

அசைவு வரிசையோடு பந்தை இணைக்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 24 அசைவு வரிசையில் காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரித்தல் என்னும் இரண்டாம் அசைவில், கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கற்பனைப் பந்தைத் தழுவும் நிலை வருகிறது. அந்த நிலைக்குள் நுழைவதை மட்டும் உண்மையான பந்தோடு பயிலலாம். கைகள் பிரியும் அசைவுகளில் பந்துக்கு இடமில்லை. பந்தைக் கீழே போடாமல் வரிசை முழுவதையும் முடிக்க முயன்றால், எஞ்சுவது தாய் சி அல்ல, வித்தை.

நேரமும் எடையேற்றமும்

ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நிமிடங்கள் போதும். உடலை முதலில் வெறுங்கையோடு இளக்கிக்கொண்டு, பந்தோடு பயின்று, பிறகு பந்தைக் கீழே வைத்துவிட்டு அதே வட்டங்களை வெறுங்கையோடு சில நிமிடங்கள் செய்யுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத் தவிர்ப்பவர்கள் பலர். எடை நீங்கிய பிறகும் கால் முதலில் தொடங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். மறுநாள் தொடையில் இலேசான வலி இருந்தால் பயிற்சி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கழுத்துப் பிடரியிலும் தோள் உச்சியிலும் இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். மூட்டுக்குள் குத்தும் வலி, கை மரத்துப்போதல், தலைசுற்றல் எது வந்தாலும் அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

எடையைக் கூட்டுவதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். இப்போதுள்ள பந்தில் இரு திசை நெடுக்கு வட்டங்களையும் ஐந்து நிமிடங்கள் இடைவிடாமல் செய்து, நகங்கள் வெளுக்காமல், மூச்சு தடைப்படாமல், தோள் ஏறாமல் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அரைக் கிலோ கூட்டலாம். கூட்டிய முதல் சில நாட்கள் வட்டத்தைப் பாதியாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். மூன்று கிலோவுக்கு மேல் போவதால் புதியவருக்குக் கிடைக்கப்போவது அதிகமில்லை. அங்கிருந்து நேரத்தைக் கூட்டுவதும், நிலையைத் தாழ்த்துவதும், மேசைப் பயிற்சியில் கனமான மரப் பந்தைச் சேர்ப்பதும் மேலான வழிகள். இருவர் ஒரே பந்தில் கைவைத்துத் தள்ளியும் விலகியும் பயிலும் முறையும் உண்டு. அதை, இருவர் கைகளை ஒட்டவைத்து ஒருவர் விசையை மற்றவர் உணரும் கைதள்ளும் பயிற்சி அறிந்த ஆசிரியர் அருகில் இருக்கும்போது, கூடைப்பந்தில் தொடங்க வேண்டும்.